பரவாயில்லைக்கு எட்டு

மக்கள் நலமாக இருக்கிறார்களா என்று ஒரு நாள் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு முன் அப்படியொரு சந்தேகம் அதற்கு வந்ததில்லை. வந்ததை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று நலவாழ்வு அளவீட்டுத் துறை என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஆறு மாடிக் கட்டடமும், ஓர் இயக்குநரும், நான்கு துணை இயக்குநர்களும், வாசலில் சிரித்த முகம் வரைந்த பலகையும் வந்து சேர்ந்தன. லிப்ட் மட்டும் வரவில்லை. படியேறுவது உடம்புக்கு நல்லது என்று துறையே ஒரு சுற்றறிக்கை ஒட்டியது.

முதல் கணக்கெடுப்பு படுத்துவிட்டது. உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பாதி ஜனம் பத்தும் வேண்டும் என்றது. மீதி ஜனம், எங்களுக்கு இரண்டு போதும், பாக்கியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்றது. நலமா என்று கேட்டால் எண்ணில் பதில் சொல்ல யாருக்குமே வரவில்லை. எல்லாரும் சொல்லில்தான் சொன்னார்கள். ஆகவே அந்தச் சொற்களை எண்ணாக மாற்றித் தருவதற்கு ஒரு சொல் வல்லுநரை நியமித்தார்கள்.

அவர் மூன்று மாதம் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சொல்-எண் அட்டவணையைத் தயாரித்தார். 'அமோகம்' என்றால் பத்து. 'கடவுள் புண்ணியத்துல' என்றால் ஒன்பதரை. கடவுளே பொறுப்பேற்றுக்கொண்ட இடத்தில் துறை குறைத்துப் போடுவது மரியாதை இல்லை. 'ஓடுது' என்றால் ஏழு, நிற்கவில்லை என்பதால். 'செத்துப் பிழைச்சேன்' என்பதற்கு ஏழரை, அதில் பின்பாதியைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். பெருமூச்சுக்கு ஆறு. நுரையீரல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

அட்டவணையில் அவர் மிகவும் பெருமைப்பட்டது 'பரவாயில்லை' என்ற சொல்லுக்காக. நகரத்தில் நூற்றுக்கு எழுபது பேர் அதைத்தான் சொன்னார்கள். வல்லுநர் எழுதிய குறிப்பு இது: 'பரவா என்றால் கவலை. பரவாயில்லை என்றால் கவலை இல்லை. தனக்குக் கவலை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் ஒருவருக்கு எட்டுக்குக் கீழே போட நமக்கு என்ன அதிகாரம்?' யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை என்று தெரிந்தது. பரவாயில்லைக்கு எட்டு என்று ஆணை பிறந்தது. ஒரே கையெழுத்தில் நகரத்தில் எழுபது சதவீதம் பேர் சுகமாகிவிட்டார்கள்.

இதெல்லாம் சாவிக்காரருக்குத் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடையில், தொலைந்த சாவிகளுக்கு மாற்றுச் சாவி அராவிக் கொடுப்பது அவர் தொழில். பேச்சு குறைவு. பேசவேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை, ஏனென்றால் அவர் கட்டிக்கொண்டது ஒரு பேருந்து நடத்துனரை. அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷம் பதினான்காம் எண் வண்டியில் டிக்கெட் கிழித்தவர். "உள்ள போ, உள்ள போ, படியில என்ன வேடிக்கை" என்று ஒரு குரல் கொடுத்தால் நிறைந்த வண்டியில் இன்னும் இருபது பேருக்கு இடம் பிறக்கும். வீட்டுக்கு வந்தும் அதே குரல்தான். கொஞ்சம் அமைதியாக இருக்கக் கூடாதா என்று சாவிக்காரர் மனதுக்குள் எத்தனையோ முறை வேண்டியதுண்டு. அந்த நினைப்பு இப்போது அவரைப் போட்டு வாட்டியது.

போன வருஷம் அந்த அம்மாளுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. உயிர் தப்பியது. வலது கை சுருண்டுகொண்டது, கால் இழுத்தது. கேட்பதெல்லாம் புரிந்தது, நினைப்பதெல்லாம் நினைக்க முடிந்தது. ஆனால் வாயில் இருந்த அத்தனை சொற்களும் அழிந்துபோய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மருத்துவமனையில் மூன்றாம் நாள், பயமாக இருக்கிறதா என்று சாவிக்காரர் கேட்டதற்கு அந்தச் சொல்தான் வந்தது. "பரவாயில்ல." அவர் ஆறுதலாகக் கண்ணை மூடிக்கொண்டார். பசிக்கிறதா என்றார். "பரவாயில்ல." என்னைத் தெரிகிறதா என்றார். "பரவாயில்ல." அப்போதுதான் அவர் எழுந்து டாக்டரைத் தேடி ஓடினார்.

ஒரு சொல்லை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்று இருவரும் பழகத்தான் பார்த்தார்கள். டீ வேண்டுமா என்றால் பரவாயில்லை. வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று தெரியாமல் அவர் டம்ளரோடு நிற்பார். ஒரு நாள் மனைவியின் காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். சரி, இதமாக இருக்கிறது போல என்று இன்னும் ஊற்றினார். மனைவி இடது கையால் சொம்பைத் தட்டிவிட்ட பிறகுதான் அவர் பார்த்தார். கால் கொப்பளித்திருந்தது. அன்றைக்கு சாவிக்காரர் கடை திறக்கவில்லை. வட்டார மருத்துவமனையின் பின்பக்கத்தில் பேச்சுப் பயிற்சி அறை என்று ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி, மறுநாளே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறைக்கு ஒரு டீச்சர் இருந்தாள். ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, பதினோரு நோயாளிகள். அதில் ஏழு பேருக்குச் சொல்லே கிடையாது. டீச்சர் ஐந்து மாதம் என்னென்னவோ செய்து பார்த்தாள். படம் காட்டினாள், பாட வைத்தாள், உதட்டைப் பிடித்துக் குவித்தாள். எதைச் சொல்லச் சொன்னாலும் வந்தது பரவாயில்லைதான். ஒரு நாள் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே அந்தச் சொல்லையே மெதுவாகச் சொல்ல வைத்துப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணே, நம்ம புதுச் சொல்லைத் தேடி எங்கயும் போக வேணாம். அக்கா வாயிலயே இன்னொரு சொல் இருக்கு. பரவா, இல்ல. முன்னாடி இருக்கிறதை வெட்டிட்டா மிச்சம் என்ன?"

சாவிக்காரர் யோசித்தார். "இல்ல."

"அவ்வளவுதான். இல்லன்னு சொல்லத் தெரிஞ்சிட்டா பாதி வாழ்க்கை திரும்பி வந்துடும். மூணு மாசம் குடுங்க."

மூன்று தட்டு. பர, வா, இல்ல. முதல் இரண்டு தட்டுக்கு வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும், மூன்றாவதற்குத் திறக்க வேண்டும். சாவிக்காரருக்கு இது உடனே பிடித்துப்போனது. சாவியும் அப்படித்தான் செய்வது. வேண்டாததை அராவி எறிந்தால் மிஞ்சுவது பூட்டைத் திறக்கும். வாரம் மூன்று நாள் தட்டினார்கள். ஒரு நாள் அந்த அம்மாள் முதல் தட்டுக்கு வாயைத் திறக்காமல் இருந்தார். டீச்சர் கை தட்டினாள்.

அந்த வாரம்தான் துறை வீட்டுக்கு வந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கணினிப் பலகையுமாக வந்தது ஒரு சின்னப் பெண். செருப்பை வெளியே விட்டாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், ஐயா என்றும் அம்மா என்றும் வாய் நிறையக் கூப்பிட்டாள். கேள்விகள் முப்பத்தாறு. குலுக்கலில் இந்த வீட்டில் விழுந்தது நடத்துனரம்மாவின் பெயர், அதனால் அவர்தான் பதில் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்றாள். சாவிக்காரர் நிலைமையை விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள். வெந்நீர்க் கதைக்கு வந்தபோது அவளுக்குக் கண் கலங்கி, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். எட்டு மாதமாக அவரிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. மனிதர் உருகிப்போய், டீச்சரைப் பற்றியும் பயிற்சி அறையைப் பற்றியும் அந்த இரண்டாவது சொல்லைப் பற்றியும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். எல்லாம் மேலே போய்ச் சேரும் ஐயா என்று அவள் சொன்னாள்.

பிறகு கேள்விகளைக் கேட்டாள். உங்கள் உடல்நலம் எப்படி? பரவாயில்லை. உங்கள் பேச்சுத் திறன்? பரவாயில்லை. நாளையைப் பற்றிய நம்பிக்கை? பரவாயில்லை. நடத்துனரம்மா இடது கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். கை அசைவுக்குக் கட்டம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்ன பெண் முப்பத்தாறு முறை எதையோ தொட்டாள். கடைசியில் அம்மாளை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, பலகையை சாவிக்காரர் பக்கம் நீட்டினாள். 'மேற்கண்ட விடைகள் அவரே தம் வாயால் சொன்னவை' என்று அதில் இருந்தது. அது உண்மைதானே? அவள் வாயால்தானே சொன்னாள்? அழுத பெண்ணின் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வரவில்லை. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை அவர் கவனித்தார். களைத்துவிட்டாள், படுக்கவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார்.

ஆறு வாரம் கழித்துப் பயிற்சி அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்த வட்டாரத்தின் நலவாழ்வு அளவு எட்டு என்று தெரியவந்துள்ளதாலும், பேச்சு தொடர்பான துயரம் எதுவும் பதிவாகாததாலும், மேற்படி அறை இதனால் தேவையற்றதாகிறது. கேள்வி கேட்கப்பட்ட எட்டு நோயாளிகளில் ஒருவர் எல்லாம் பரவாயில்லை என்று தெரிவித்துள்ளார். மற்ற ஏழு பேரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

டீச்சரைத் துறைக்கே மாற்றிவிட்டார்கள். கணக்கெடுக்கப் போகும் பெண்களுக்கு இனிமையாகப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். மேஜையை ஆட்கள் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் சாவிக்காரரிடம் வேகவேகமாகச் சொன்னாள். "விட்டுடாதீங்க அண்ணே. தட்டிக்கிட்டே இருங்க. இன்னும் ஒரு மாசம்தான். அக்காவுக்கு வந்துடும்." கண்ணாடியை மட்டும் அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், விரிசல் இருந்ததால்.

மேல்முறையீட்டு அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து வாய்மொழியாக முறையிட வேண்டும் என்பது விதி. நடத்துனரம்மா இடது கையில் கைத்தடியும் வலது தோளுக்கு முட்டுக்கொடுத்த புருஷனுமாக ஒன்றேகால் மணி நேரம் ஏறினார். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆறு மாடி நடந்தே வந்திருக்கிறார்கள், இதிலேயே உடல்நலத்துக்கு அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டார். பிறகு விசாரணையைத் தொடங்கினார்.

"பயிற்சி அறையை மூடினதுல உங்களுக்கு ஆட்சேபனை ஏதாவது உண்டாம்மா?"

நடத்துனரம்மா கண்ணை மூடினார். தடியால் தரையில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. கழுத்து நரம்பு புடைத்தது.

"பரவாயில்ல" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அலுவலர் அட்டவணையைப் புரட்டினார். கண்ணீருக்கு இரண்டு வரிசை இருந்தது. ஆனந்தக் கண்ணீர், ஒன்பது. மற்றவை என்ற வரிசைக்கு இன்னும் எண் முடிவாகவில்லை, குழு கூடவேண்டும். எண் இல்லாத வரிசையில் எழுதினால் கணினி ஏற்காது என்று சொல்லி, இருக்கும் வரிசையில் எழுதினார். முறையீட்டாளருக்கு ஆட்சேபனை இல்லை, கோப்பு முடிக்கப்பட்டது.

பேசிப் பழக்கமில்லாத சாவிக்காரர் அன்றைக்குப் பேசினார். அவளுக்கு அந்த ஒரு சொல்தான் ஐயா, தீயை வைத்தாலும் அதைத்தான் சொல்வாள், வந்த பெண்ணிடம் அன்றைக்கே சொன்னேனே என்று குரல் உடைந்து கத்தினார். அலுவலர் கோபப்படவில்லை. துறையில் யாருக்கும் கோபம் வராது. அதற்கு ஆண்டுதோறும் பரிசு உண்டு. அவர் ஒரு தாளை எடுத்து மேஜையில் திருப்பி வைத்தார்.

"பெரியவரே, இது உங்க கையெழுத்துதானே?"

'மேற்கண்ட விடைகள் அவரே தம் வாயால் சொன்னவை.' அடியில் அவருடைய கையெழுத்து, அழகாக, ஒரு கோடு பிசகாமல். நடத்துனரம்மா குனிந்து அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். அன்றைக்குச் சட்டையை இழுத்தது எதற்காக என்று சாவிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. வெந்நீர் ஊற்றிய அன்றைக்குக்கூட அந்த அம்மாள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இறங்கும்போது மூன்றாவது மாடியில் அந்தக் கணக்கெடுப்புப் பெண் எதிரே வந்தாள். சட்டையில் புதிதாக ஒரு பதக்கம் இருந்தது. சாவிக்காரர் வழியை மறித்தார்.

"என் வீட்டுல உக்காந்து கண்ணைத் தொடச்சியேம்மா. அதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லீங்க ஐயா. அது என் சொந்தக் கண்ணு. அதை எழுத அட்டவணையில இடம் இல்ல." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சொன்னதை மாத்தி எழுதினா என்னைத் தூக்கிடுவாங்க. எங்களையும் தினமும் காலையில அளக்கிறாங்க."

நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்டார், ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. அவள் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை ஐயா என்றாள், வேகமாக மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். நான் உன் பேச்சைக் கேட்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பெரிய தப்பு, மன்னித்துவிடு என்றார். நடத்துனரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "பரவாயில்ல." சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்துவிட்டாளா, மன்னிக்கவில்லையா? அந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாதவள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? இல்லை என்று சொல்லத் தெரிந்த பிறகு அவள் பரவாயில்லை என்று சொன்னால் அல்லவா அது மன்னிப்பு. அந்த இரண்டாவது சொல் இப்போது அவளைவிட அவருக்கு அதிகம் தேவைப்பட்டது.

மறுநாளிலிருந்து அவர் மனைவியைக் கடைக்குக் கூட்டிப் போய், வாசலில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அராவாத சாவி ஒன்றால் மரப்பெட்டியில் தட்டினார். டக், டக், டக். அந்த அம்மாள் தடியால் தரையில் தட்டினார். முதல் வாரம் மூன்று தட்டுக்கும் முழுச் சொல்லும் வந்தது. அடுத்த வாரம் 'வாயில்ல' என்று வந்தது. அதைக் கேட்டு சாவிக்காரருக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. இடம் இல்லாததால் தலையை இடித்துக்கொண்டார்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் பதினான்காம் எண் வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றது. அதன் முதுகு முழுக்க நடத்துனரம்மாவின் முகம். அந்தப் பெண் எடுத்த புகைப்படம்தான். நெற்றியில் அடித்துக்கொண்ட கையை வெட்டி எடுத்துவிட்டு, உதட்டின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் 'பரவாயில்லை!' என்று இருந்தது. அதற்கும் கீழே, 'நான் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.' இருபத்திரண்டு வருஷம் தான் ஆளை ஏற்றி இறக்கிய வண்டியின் பின்னால் தன் முகம் போவதை அந்த அம்மாள் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு தடியை அவர் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் தட்டினார், படுத்துக்கொண்டும் கட்டில் காலில் தட்டினார்.

அழைப்பிதழ் தபாலில் வந்தது. நகரத்தின் முதல் நலவாழ்வு விழா. முப்பத்தாறு கேள்விக்கும் ஒரே பதிலை, முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் சொன்ன ஒரே குடிமகள் என்ற வகையில் நடத்துனரம்மாவுக்குக் கேடயம். போகவேண்டாம் என்றார் சாவிக்காரர். அந்த அம்மாள் இடது கையால் அலமாரியைத் திறந்து தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்தார்.

அரங்கத்தில் எல்லா நாற்காலியிலும் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. உட்காருகிறவர்கள் அதன்மேல்தான் உட்கார வேண்டும். இயக்குநர் பேச எழுந்தார். நல்ல குரல், நல்ல சட்டை.

"நண்பர்களே, துயரத்தைக் குறைப்பது கடினம். பல தலைமுறையாக முயன்று பார்த்துவிட்டார்கள், நடக்கவில்லை. ஆனால் துயரம் பதிவாவதைக் குறைப்பதை ஒரே ஆண்டில் நாம் சாதித்துவிட்டோம். போன வருஷம் இந்த நகரத்தில் பேச்சுப் பயிற்சி அறை ஒன்று இருந்தது. பயிற்சி அறை இருந்தால்தானே பேச்சில் குறை இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும்? மூடினோம். இப்போது அந்தக் குறையைப் பற்றி ஒருவராவது பேசுகிறாரா? ஏழு பேர் பேச முடியாதவர்கள் என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். பேச முடிந்திருந்தால் குறை சொல்லியிருப்பார்கள் என்பதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? நான் மக்களின் வார்த்தையை நம்புகிறவன். அதனால்தான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை."

கை தட்டினார்கள். நான்காவது வரிசையில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள், உள்ளங்கை ஒன்றோடொன்று படாமல்.

நடத்துனரம்மாவை மேடையில் ஏற்றினார்கள். கேடயத்தில் வெள்ளி நிறத்தில் எட்டு என்று இருந்தது. வலது கை வராததால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை, இடது கையில் தடி. ஓர் உதவியாளர் அவர் பக்கத்தில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயக்குநர் ஒலிவாங்கியை அந்த அம்மாளின் வாய்க்குக் கீழே கொண்டுபோய், அரங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா, நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

நடத்துனரம்மா அவரைப் பார்த்தார். கீழே முதல் வரிசையில் இருந்த புருஷனைப் பார்த்தார். தடியைத் தூக்கி மேடைப் பலகையில் தட்டினார். டக். உதடு இறுகியிருந்தது. டக். கழுத்து நரம்பு அசைந்தது. நான்காவது வரிசையில் டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். டக்.

"இல்ல."

ஒலிவாங்கி நன்றாக வேலை செய்தது. வண்டியின் முன்படியிலிருந்து பின்படி வரை கேட்கும் அந்தப் பழைய குரல், ஒரே ஒரு சொல்லுக்காகத் திரும்பி வந்து அரங்கத்தின் கடைசிச் சுவர் வரை போனது. மறுபடியும் மூன்று தட்டு. "இல்ல." சாவிக்காரருக்குக் கண் மறைத்தது. தீர்ந்தது, இனி இவர்கள் கதை கந்தல்தான் என்று நினைத்தார். அந்த அளவுக்கு அவர் இன்னும் வெள்ளந்தியாகவே இருந்தார்.

இயக்குநரின் சிரிப்பு அரை விநாடி நின்று மறுபடி தொடர்ந்தது. அவர் சொல் வல்லுநர் பக்கம் திரும்பினார். வல்லுநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அவர் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது.

"இப்படியொன்றை என் வாழ்நாளில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. பரவா என்றால் கவலை, பரவாயில்லை என்றால் கவலை இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது. இந்த அம்மாளிடம் போன வருஷம் வரை கவலை என்ற சொல்லாவது மிச்சம் இருந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லே உதிர்ந்துவிட்டது, கவனித்தீர்களா? கவலை போய், அதன் பெயரும் போய், இல்லை என்பது மட்டும் நிற்கிறது. இதற்கு எட்டு போதாது. நான் ஒன்பது சிபாரிசு செய்கிறேன்."

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எண்ணைத் திருத்திக் கொடுப்பதற்காகக் கேடயத்தை அங்கேயே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். நடத்துனரம்மா தட்டிக்கொண்டே இருந்தார், சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு இல்லைக்கும் கைதட்டல் இன்னும் பெரிதானது. கடைசியில் ஒலிவாங்கியை எடுத்துவிட்டு, இரண்டு பேர் மரியாதையாக அவர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். சாவிக்காரர் கூட்டத்தில் டீச்சரைத் தேடினார். அவளுடைய நாற்காலியில் சிரித்த முகம் மட்டும் இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. நிழற்குடையின் பின்சுவரிலும் அதே சுவரொட்டிதான் ஒட்டியிருந்தது. நடத்துனரம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், காக்கிச் சட்டையின் பொத்தானை ஒற்றைக் கையால் திருகிக்கொண்டு. கொஞ்ச நேரம் சாவிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். பெண்டாட்டி இத்தனை பாடுபட்டுக் கண்டெடுத்த சொல்லையும் அவர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் பிடுங்கியது அவர்கள் காதில்தான். அவர் காது அவரிடமே இருந்தது.

அவர் மனைவிக்கு முன்னால் போய், முகத்துக்கு நேராக முகம் இருக்கும்படி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டில் கேட்டது கேள்வியே இல்லை என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. இன்றைக்கு அவளிடம் இரண்டு சொல் இருந்தது.

"இந்தா, நான் அந்தக் கையெழுத்துப் போட்டேனே. அதை மன்னிச்சிட்டியா?"

நடத்துனரம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முதல் சொல் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் வரும், வாயைத் திறந்தால் போதும். இன்னொன்றுக்குத்தான் தட்ட வேண்டும்.

அவர் தடியைத் தூக்கினார்.

முதல் தட்டிலேயே சாவிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்திருக்காமல் மூன்றாவது தட்டு வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இல்ல" என்றார் அந்த அம்மாள்.

சாவிக்காரர் தலையசைத்தார். அவர் எந்த அட்டவணையையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை.